ஒரே எஞ்சினுக்கு இரண்டு எண்ணெய்

அண்ணன் கப்பல் வேலைக்குப் போனபோது வீட்டில் விட்டுப்போனது மனைவியை, தங்கையை, ஒரு பழைய டாக்சியை. மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் என்று நம்பித்தான் போனான். டாக்சி மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. பெண்கள் இருவரும் முறைவைத்து ஓட்டினார்கள். விடியும் முன் எடுத்து மதியம் வரை அண்ணி. மதியத்துக்குப் பிறகு தங்கை.

தங்கைக்கு வாய்த்தது நெரிசல் நேரம். ஒரு நாள் சாயங்காலம் சிக்னலில் நிற்கும்போது, எண்ணெய் அழுத்தம் குறைந்தால் எரியும் சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது. ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தால் அணைந்தது, விட்டால் மறுபடி சிமிட்டியது. டாக்சி ஸ்டாண்டில் விசாரித்தாள். கேட்டது ஒருவரை, பதில் சொன்னது அங்கிருந்த அத்தனை பேரும். ஆனால் எல்லார் பேச்சும் ஒரே இடத்தில் வந்து நின்றது: வயசான எஞ்சின், உள்ளே தேய்ந்து இடைவெளி விட்டிருக்கும், கெட்டி ஆயில் ஊற்று. அவள் டப்பாவில் இருபது-ஐம்பது என்று எண் போட்ட கெட்டி எண்ணெயை ஊற்றினாள். விளக்கு அடங்கியது.

பிறகு குளிர் வந்தது. ஒரு மதியம் அண்ணி சாவியைக் கையில் கொடுக்காமல் மேஜைமேல் வைத்தாள்.

"வண்டியா அது? காலையில ஸ்டார்ட் பண்ணா தகர டப்பாவுல கல்லப் போட்டுக் குலுக்கின மாதிரி கடகடன்னு அடிச்சுக்குது."

"சூடானா சரியாயிடும் அண்ணி."

"சூடாகறதுக்குள்ள தேஞ்சு போயிடும். கூழு மாதிரி ஆயில ஊத்தி வச்சிருக்கே. அது எப்ப மேல ஏறிப் போய்ச் சேர்றது? வண்டியோட வந்த புத்தகத்துல அஞ்சு-முப்பதுன்னு போட்டிருக்கு."

"புத்தகம் எழுதினவன் புது வண்டிக்கு எழுதினான்."

"நீ பழைய வண்டியோட டாக்டரா?"

மறுநாளே அண்ணி கெட்டி எண்ணெயை வடித்துவிட்டு, புத்தகத்தில் சொன்ன இளகிய எண்ணெயை ஊற்றிக்கொண்டு வந்தாள். சாயங்காலம் சிவப்பு விளக்கும் திரும்பி வந்தது. தங்கை அதைச் சொல்லவில்லை. சொன்னால் அண்ணிக்குக் காது கேட்காது என்று அவளுக்குத் தெரியும். சாப்பிடும்போது உப்பை நகர்த்தச் சொல்வதைத் தவிர இருவருக்கும் பேச்சு நின்றுபோனது.

அந்தச் சமயத்தில் அண்ணியின் அம்மாவுக்குக் கண்ணில் ஆபரேஷன் நடந்தது. காலையில் சொட்டு மருந்து விட ஆள் வேண்டும். முறையை மாற்றிக்கொள்வதைத் தவிர வழியில்லை. தங்கை காலையிலும் அண்ணி மாலையிலும் ஓட்டினார்கள். இளகிய எண்ணெயில் வண்டி காலையில் வெண்ணெய்போல் கிளம்பியதைத் தங்கை கவனித்தாள். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

சில நாள் கழித்து, கண்ணாடியெல்லாம் பனி படிந்த ஒரு விடியற்காலை. சாவியைத் திருப்பினாள். எஞ்சின் முக்கி முனகிக் கிளம்பியது; கிளம்பியதும் மூடிக்கு அடியில் கடகடவென்று ஒரு சத்தம். தன் பல்லை யாரோ ஆட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது அவளுக்கு. அணைத்துவிட்டு இறங்கி, அளவுக் கம்பியை உருவிப் பார்த்தாள். எண்ணெய் சொட்ட மனமில்லாமல் நுனியில் தொங்கியது.

நேராக உள்ளே போனாள். அண்ணி அப்போதுதான் அம்மா வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"ஆயில யார் மாத்தினது?"

"நான்தான்." அண்ணி செருப்பைத் தேடினாள். "நேத்து பாலத்து மேல ஊர்ந்துக்கிட்டிருந்தப்போ செவப்பு லைட் எரிஞ்சுது. அணையவே இல்ல. பின்னாடி கைக்குழந்தையோட ஒரு பொண்ணு. இறக்கி விட்டுட்டு நேரா ஒர்க் ஷாப்புக்குப் போய் இருபது-ஐம்பது ஊத்திட்டேன்."

"இந்தக் குளிர்ல யாராவது இருபது-ஐம்பது ஊத்துவாங்களா? எஞ்சின் என்னாகும்? புத்தகத்துல என்ன போட்டிருக்கு?"

"புத்தகம் கிடக்கு. தேஞ்ச எஞ்சினுக்குக் கெட்டியாத்தான்..."

அண்ணி பாதியில் நிறுத்தினாள். தங்கைக்கும் அப்போதுதான் உறைத்தது. ஒருவர் வசனத்தை ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். தான் சொன்னதுதான் சரி என்று அண்ணி வாயாலேயே வந்திருக்கிறது, எக்களிக்கலாம். ஆனால் அந்தச் சத்தம் இன்னும் காதில் இருந்தது. "லைட் எரிஞ்சா பயமாத்தான் இருக்கும்" என்றாள். அண்ணி சிரிக்க ஆரம்பித்தாள். செருப்பு மாட்டிக்கொள்ளும் வரை அடக்கமுடியவில்லை.

அன்று மதியம் இருவரும் சேர்ந்தே ஒர்க் ஷாப்புக்குப் போனார்கள். மெக்கானிக் அழுத்தமானியை மாட்டி, எஞ்சினை நன்றாகச் சூடேற்றிப் பார்த்தார். முதல் எண் குளிரில் எண்ணெய் எவ்வளவு இளகி ஓடும் என்பதற்கு, இரண்டாவது சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு; எண் சின்னதானால் இளகல், பெரிதானால் கெட்டி என்றார்.

"நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு நம்பரப் பிடிச்சுக்கிட்டுச் சண்ட போட்டிருக்கீங்க. அஞ்சு-நாப்பது ஊத்திப் பாக்கலாம்."

"லைட் ஒரேயடியாப் போயிடுமா?" என்று தங்கை கேட்டாள்.

"வெயில் காலத்துல எட்டிப் பாக்கும். எஞ்சினுக்குள்ள இருக்கற பேரிங் தேஞ்சது தேஞ்சதுதான். ஆயில் ஊத்தி இளமையத் திருப்ப முடியாது."

"அப்படி ஒரு ஆயில் வந்தா எனக்கு மொதல்ல சொல்லுங்க" என்றாள் அண்ணி.

குளிர்காலம் சத்தமில்லாமல் போனது. அம்மாவின் கண் தேறிய பிறகும் அவர்கள் பழைய முறைக்குத் திரும்பவில்லை; காலையையும் மாலையையும் வாரத்துக்கு வாரம் மாற்றி மாற்றி ஓட்டினார்கள். வெயில் ஏறிய ஒரு நாள், அண்ணி தட்டைக் கழுவிக்கொண்டே, "இன்னிக்கு லைட் எட்டிப் பாத்துச்சு" என்றாள்.

"போன வாரம் எனக்கும்" என்றாள் தங்கை.

இன்னும் கெட்டியாக ஊற்றலாமா என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. பேரிங் மாற்ற வண்டியை ஒர்க் ஷாப்பில் விட்டுவிட்டு, பேருந்தில் வீடு திரும்பினார்கள். ஜன்னலோர இருக்கை ஒன்றுதான் இருந்தது. அண்ணி அதில் போய் உட்கார்ந்துகொண்டாள்.