நாற்பதாயிரம் படங்களும் ஒரு ஜூலை மாதமும்

எங்கள் ஆல்வ்பி நகராட்சியில் ஜூலை மாதம் எல்லோரும் விடுமுறை, வேலை நடக்காது. அது சோம்பேறித்தனம் இல்லை, பண்பாடு. அந்தப் பண்பாடு புரியாமல் அலுவலகத்துக்கு வந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவள் ஹில்லேவி. ஆறு மாதச் சோதனைக் காலத்தில் இருந்தாள். மாதக் கடைசியில் வேலை நிரந்தரமாகும், அல்லது ஆகாது. அது துறைத்தலைவர் தோர்னியின் கையில் இருந்தது.

ஊரின் நாற்பதாயிரம் பழைய புகைப்படங்கள் இரண்டு வருடமாகக் கிளவுடில் பத்திரமாக இருந்தன. அவற்றை மக்கள் வீட்டிலிருந்தே பார்க்கும்படி ஓர் இணையச் செயலியோடு இணைப்பதுதான் ஹில்லேவியின் வேலை. செயலியை அழகாகச் செய்துவிட்டாள். வியாழக்கிழமை நகர மன்றத்தில் திறப்பு. திங்கட்கிழமை வரைக்கும் படம் வரவேண்டிய இடமெல்லாம் ‘அனுமதி இல்லை’ என்றே சிவப்பாக வந்தது.

அனுமதி தரும் அதிகாரம் கணினிப் பிரிவின் ராக்ன்வியிடம் இருந்தது. அவளுக்கு எழுதினால் தானாக ஒரு பதில் வந்தது: ‘விடுமுறையில் இருக்கிறேன். அவசரமென்றால் ஸ்தூரேயைக் கேட்கவும்.’ ஸ்தூரேக்கு எழுதினால், ‘விடுமுறையில் இருக்கிறேன். அவசரமென்றால் ராக்ன்வியைக் கேட்கவும்.’ இதற்குப் பெயர் நிர்வாகம்.

செவ்வாயன்று ஹில்லேவி ராக்ன்விக்குப் போன் செய்தாள். விடுமுறையில் இருப்பவர்களுக்கு எங்கள் ஊரில் யாரும் போன் செய்வதில்லை.

“யாராவது செத்துட்டாங்களா?” என்றாள் ராக்ன்வி, எடுத்த எடுப்பிலேயே.

“இல்ல, கிளவுடுக்கு அனுமதி வேணும்...”

“தீவுல, எங்க விடுமுறை வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஏணி மேல நிக்கிறேன், கையில பிரஷ். ஜூலை மாசம்டி இது!”

“தெரியும். வியாழக்கிழமை திறப்பு. ரெண்டே நிமிஷம்.”

ஏணியிலிருந்து இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு முணுமுணுப்பு. “குடுத்தாச்சு. நல்லா இரு.”

இணைப்பு உடனே கிடைத்தது. சிவப்பு எழுத்துகள் போயின. படங்கள் வரவில்லை. தன் நிரலில்தான் பிழை என்று அரை நாள் தன்னையே திட்டிக்கொண்டு தேடினாள். கடைசியில் கிளவுடையே திறந்து பார்த்தாள். துடைத்து வைத்த மாதிரி இருந்தது. கோப்புகளின் எண்ணிக்கை பூஜ்யம்.

மூன்று மணிக் காபிக்கு தோர்னி ஏலக்காய் பன்னோடு உட்கார்ந்திருந்தார். எங்கள் அலுவலகத்தில் தலைவரையும் பெயர் சொல்லி, ‘நீ’ என்றுதான் பேசுவோம்.

“தோர்னி, ராக்ன்விக்குப் போன் பண்ணி அனுமதி வாங்கிட்டேன். கிளவுடுல ஒரு படம்கூட இல்ல.”

“இருக்குமே. பதினோரு கூட்டம் போட்டோம். எல்லாக் குறிப்புலயும் ‘படங்கள் கிளவுடில்’னு எழுதியிருக்கு பாரு.”

“யாரு ஏத்தினது?”

பன்னை மென்று முடிக்கும்வரை யோசித்தார். “இடம் வாங்கினது நாங்க. ஏத்தறது நூலகத்துக் காப்பகம்னு நெனச்சோம். அவங்க எங்களை நெனச்சிருப்பாங்க போல.”

படங்கள் நூலகத்தின் நிலவறையில், அட்டைப் பெட்டிகளில், ஸ்கேன் செய்யப்படாமல் கிடந்தன. இரண்டு வருடத்தில் யாரும் கிளவுடின் உள்ளே பார்க்கவில்லை. பார்க்க அனுமதி கேட்டதுமில்லை.

தோர்னி குரலைத் தாழ்த்தினார். “ராக்ன்வி இன்னும் அனுமதி தரலன்னு சொல்லிடு. அவ ஆகஸ்ட்லதான் வருவா, அவ மேல போட்டா யாருக்கும் நஷ்டமில்ல.”

“அது பொய்.”

“பொய் இல்ல, தள்ளிவைக்கிறது. மாசக் கடைசி வருதே ஹில்லேவி, யோசி.”

யோசித்தாள். பயமாகத்தான் இருந்தது. வேலை போனால் ஸ்டாக்ஹோமுக்குத் திரும்பி, வாடகை வீட்டுக்காக வருடக்கணக்கில் காத்திருப்போர் வரிசையில் நிற்க வேண்டும். ஆனாலும் ஏணியிலிருந்து இறங்கி உதவி செய்தவள் மேல் பழியைப் போட அவளுக்கு மனம் வரவில்லை.

வியாழக்கிழமை மன்றத்தின் பெரிய திரையில் வெள்ளைப் பக்கம் விரிந்தது.

“எவ்வளவு அமைதியா இருக்கு! அருமையான வடிவமைப்பு,” என்றாள் மன்றத் தலைவி. நாலு பேர் கைதட்டினார்கள்.

“வடிவமைப்பு இல்லைங்க,” என்றாள் ஹில்லேவி. “இணைப்பு சரியா வேலை செய்யுது. உள்ளதான் எதுவும் இல்ல. ரெண்டு வருஷமா யாருமே படத்தை ஏத்தல.”

முதலில் எழுந்தது தோர்னி. நேர்மைதான் நமது நகராட்சியின் அடித்தளம் என்று ஐந்து நிமிடம் பேசினார். கைதட்டல் இன்னும் பலமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் அவள் மேசையில் ஒரு கடிதத்தை வைத்தார். வேலை நிரந்தரமாகவில்லை, மாதக் கடைசியோடு முடிகிறது.

“நேத்து சொன்னதுக்கா?”

“சேச்சே! உன்னை நெனச்சா எங்களுக்குப் பெருமை. ஆனா விடுமுறையில இருக்கறவளுக்குப் போன் பண்ணியிருக்கியே, அதை எப்படிப் பொறுத்துக்கறது?”

அவள் வாயைத் திறப்பதற்குள் கையை உயர்த்தினார்.

“எதுவா இருந்தாலும் ஆகஸ்ட்ல பேசலாம். இன்னிலேருந்து நான் லீவு.”