வெள்ளை இல்லாத வீடு

குழந்தை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள், அந்த வீட்டில் வெள்ளை என்று ஒரு பொருளும் மிச்சமில்லை. தொட்டில் துணியில் ஆரம்பித்த மஞ்சள், சுவரேறிக் கூரையைத் தொட்டு, சமையலறைக்குள் புகுந்து உப்பு டப்பாவைக்கூட விட்டுவைக்கவில்லை. தெருவே திரண்டு வந்து பார்த்தது. குழந்தையின் அப்பா பெயிண்டர். ஊரார் சுவர்களுக்கெல்லாம் அடித்துக் களைத்தவருக்கு, பைசா செலவில்லாமல் சொந்த வீடு மினுங்கியதில் ஏகப்பட்ட பெருமை. பையன் பிறக்கும்போதே தொழிலைக் கற்றுக்கொண்டு வந்துவிட்டான் என்று பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார்.

வீட்டுக்கு அனுப்பும்போதே நர்ஸம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பிறந்த குழந்தைக்கு லேசாக மஞ்சள் காமாலை வருவது சகஜம்தான், பெரும்பாலும் தானாகவே போய்விடும், ஆனால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். நிறம் பார்க்க இவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா என்ன! பெயிண்ட் கடையில் கொடுத்த நிற அட்டையைக் காலையில் குழந்தையின் நெற்றியோரம் வைத்துப் பார்ப்பார். நேற்றுப் பொருந்திய அதே கட்டம் இன்றும் அச்சாகப் பொருந்தும். "அப்படியேதான் இருக்கு, ஏறல" என்பார். அட்டையும் அதே வீட்டில்தான் கிடந்தது, குழந்தையோடு சேர்ந்து அதுவும் மஞ்சளேறிக்கொண்டிருந்தது என்பது அந்த மகா கெட்டிக்காரருக்கு உறைக்கவில்லை. அம்மாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"பாலுக்கே எழுந்திரிக்க மாட்டேங்கிறான். எழுப்பினாலும் ரெண்டு வாய் குடிச்சிட்டுத் தூங்கிடறான்."

"சாதுவான பையன், விடு" என்றார் பெயிண்டர்.

குழந்தையைப் பார்க்க நர்ஸம்மா வீட்டுக்கே வந்தார். வாசலைத் தாண்டியதுமே அவருடைய வெள்ளை உடுப்பு மஞ்சளானது. அவர் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"இந்த வீட்டுக்குள்ள பார்த்தா ஒண்ணும் தெரியாது. குழந்தைய வெளியே தூக்கிட்டு வாங்க."

பகல் வெளிச்சத்தில் நெற்றியில் விரலை அழுத்தி எடுத்தார். அழுத்திய இடம் மஞ்சள். நெஞ்சிலும் மஞ்சள். உள்ளங்காலைப் புரட்டிப் பார்த்தார், அங்கேயும் மஞ்சள் இறங்கியிருந்தது.

"கிளம்புங்க. இப்பவே."

பெயிண்டர் ஓடிப்போய் ஆட்டோ பிடித்தார். ஆட்டோவில் போகும் வழியெல்லாம், "என் கண்ணே என்னை ஏமாத்திடுச்சே" என்று வாய்விட்டு அழுதார். மனைவி குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது. மருத்துவமனையில் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள், காமாலை இறங்கக் கண்ணைக் கட்டி நீல விளக்கின் கீழே படுக்க வைத்தார்கள். இரண்டாம் நாள் காலையில், பசி தாங்காமல் பையன் போட்ட கூச்சலில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. பெயிண்டர் அங்கேயே தரையில் உட்கார்ந்து, சந்தோஷம் தாங்காமல் பைத்தியம் மாதிரி சிரித்தார்.

பையன் தேறிவிட்டான், வீடுதான் தேறவில்லை. வெள்ளையடித்தால் காய்வதற்குள் மஞ்சளானது. மூன்று முறை முட்டி மோதிய பிறகு, "விடுங்க, இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் மனைவி. வருஷங்கள் போகப் போகத் தெருவும் அதைப் பேசுவதை விட்டுவிட்டது. விருந்தாளிகள் மட்டும் நல்ல சட்டையைக் கழற்றி வாசலில் மாட்டிவிட்டு உள்ளே போனார்கள். எல்லாவற்றின் மேலும் ஒட்டிய அந்த மஞ்சள் பையன் மேல் மட்டும் ஒட்டவேயில்லை. கட்டிலடியில் தவழ்ந்தாலும் கதவுக்குப் பின்னால் ஒளிந்தாலும் பளிச்சென்று தெரிந்தான். பிள்ளையைக் காணோம் என்று அந்த வீட்டில் ஒருநாளும் யாரும் தேடியதில்லை.