இல்லாத பிரேக்

என் அக்கா வீட்டுக் காலிங் பெல்லை யாராலும் அழுத்த முடியாது. அதன் மேல் இரண்டு கோட்டு பெயிண்ட் காய்ந்து கிடக்கிறது. அடித்தவர் மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பதுதான் அவர் தொழில். அதில் கெட்டிக்காரர், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கேயாவது வெறும் இரும்பைக் கண்டுவிட்டால் மனுஷனுக்குக் கை நமநமவென்று அரிக்கும். துருப்பிடித்துவிடுமாம். தாழ்ப்பாள், பூட்டு, தபால் பெட்டி எதையும் விட்டுவைத்ததில்லை. அதனால் அந்தச் சனிக்கிழமை காலையில் நான் கதவைக் கையால் தட்டி, காலால் உதைத்து, கடைசியில் போன் போட்டுத்தான் உள்ளே போனேன்.

நான் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்ப்பவன். சொந்தக் கடை. தெருவில் எல்லோரும் என்னைக் ‘கரண்ட்’ என்றுதான் கூப்பிடுவார்கள். தொழிலுக்காக வைத்த பெயர் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். என் கோபத்துக்காக வைத்தது என்று அக்கா சொல்கிறாள். எது எப்படியோ, இருபத்திரண்டு வருஷத்தில் என் கடையிலிருந்து சரியாகாமல் திரும்பிப் போன வண்டி ஒன்றுகூடக் கிடையாது. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றுமில்லை.

வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் நின்றுகொண்டிருந்தது மாமாவின் உயிர். சிவப்பு நிறத்தில், இரண்டே சீட் வைத்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். மூக்கு நீளம், உயரம் குறைவு. உள்ளே இறங்கி உட்கார்ந்தால், எழுந்து வர ஒரு ஆள் கை கொடுக்க வேண்டும். கரையான் மட்டும்தான் தின்னவில்லை என்ற நிலையில் வாங்கி, நான்கு வருஷம் கழற்றித் தேய்த்து, ஒவ்வொரு தகட்டுக்கும் பெயிண்ட் அடித்துத் திரும்ப மாட்டியிருந்தார். அழகு என்றால் அப்படி ஒரு அழகு. ஓடத்தான் மாட்டேன் என்றது.

ஒரே ஒரு நாள் ஓடியது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், மகள் பட்டம் வாங்கும் விழாவுக்கு மாமா அக்காவை அதில் கூட்டிக்கொண்டு போனார். பாதித் தூரம் ஜம்மென்று போன வண்டி, சிக்னலில் நின்றதும் தானாக ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. ஹாரன் நிற்கவில்லை, இஞ்சின் நின்றுவிட்டது. பின்னாலிருந்தவர்கள் திட்டிய திட்டு இருக்கிறதே, அப்பப்பா! அக்கா புதுச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் நடந்தாள். போய்ச் சேர்ந்தபோது மகள் பட்டம் வாங்கி, போட்டோவும் எடுத்து முடித்திருந்தாள்.

“இனிமே இந்த வண்டியில நான் கால் வச்சா, என் பேரை மாத்திக் கூப்பிடுங்க” என்றாள் அக்கா. அன்றோடு வண்டி ஷெட்டுக்குள் போனது. மாமா ரோஷக்காரர். என்னைக்கூடக் கூப்பிடாமல் தானே நோண்டிக்கொண்டிருந்தார். இப்போது தெருமுனைப் பல் டாக்டர் வண்டியைக் கேட்டிருக்கிறார். அக்கா கெடு வைத்துவிட்டாள். சனிக்கிழமை நாலு மணிக்கு டாக்டர் வருவார். அவர் கண் முன்னால் வண்டி தெருக்கோடித் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போய்த் திரும்பி வந்தால் அது மாமாவுக்கு. வராவிட்டால் டாக்டருக்கு.

“மாப்ளே, உன்னைத்தான் மலை மாதிரி நம்பியிருக்கேன்” என்றார் மாமா. சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. ஐம்பத்தாறு வயசு ஆள் ஒரு காருக்காக அழுவதைப் பார்க்க எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

சாவியைத் திருப்பி இண்டிகேட்டரைப் போட்டேன். வைப்பர் பாதி எழுந்து, எட்டிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. பிரேக்கை மிதித்தேன், ஹாரன் முனகியது. ஹெட்லைட்டைப் போட்டால் அது எரியவில்லை, பெட்ரோல் காட்டும் முள் மட்டும் எகிறிக் குதித்து ‘ஃபுல்’ என்றது. பெட்ரோலை இஞ்சினுக்கு அனுப்பும் பம்ப் சாவியைத் திருப்பியதும் டிக் டிக்கென்று அடிக்க வேண்டும். அது மூச்சே விடவில்லை.

இது என்ன கோளாறு என்று சின்னப் பிள்ளை சொல்லும். பேட்டரியிலிருந்து கிளம்புகிற கரண்ட் வேலையை முடித்துவிட்டு, வண்டியின் இரும்பு உடம்பு வழியாக வீடு திரும்ப வேண்டும். அந்தத் திரும்புகிற வழிக்கு எர்த் என்று பெயர். அது அடைபட்டால் கரண்ட் கண்ட சந்தில் புகுந்து கண்ட கதவைத் தட்டும். பேட்டரி எர்த் பார்த்தேன், கச்சிதம். இஞ்சின் எர்த் பார்த்தேன், கச்சிதம்.

“டேஷ்போர்டு எர்த் எங்க மாமா?”

“டிரைவருக்குப் பக்கத்து சீட்டுக்கு முன்னாடி, கால் வைக்கிற தகடு இருக்கில்ல, அதுல. கார்ப்பெட்டுக்கு அடியில. என் கையால முறுக்கினது மாப்ளே, யானை வந்தாலும் அசைக்க முடியாது.”

கார்ப்பெட்டைப் பசை போட்டு ஒட்டியிருந்தார். பிய்க்கட்டுமா என்று கேட்டதும், குழந்தைக்கு ஊசி போடப் போவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேறு யாராவதாக இருந்தால் பிய்த்திருப்பேன். மாமாவாகப் போய்விட்டார். சரி, தொலையட்டும் என்று விட்டேன். என் தொழில் வாழ்க்கையிலேயே பெரிய மடத்தனம் அதுதான்.

மதியம் வரைக்கும் ஒவ்வொரு ஒயராக டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தேன். ஃபியூஸ் மாற்றினேன். ஸ்விட்சைப் பிரித்து மாட்டினேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். மாமா பக்கத்தில் நின்று ஸ்பேனரைத் துடைத்துத் துடைத்துக் கொடுத்தார். இரண்டு மணிக்கு அக்கா டீ எடுத்துக்கொண்டு வந்தாள்.

“என்ன, கரண்ட் சாருக்கே கரண்ட் போயிடுச்சா?”

“வாயைக் கிளறாதக்கா, நானே கடுப்புல இருக்கேன்.”

முட்டி வலி அவளுக்கு. உட்கார ஷெட்டில் வேறு இடமில்லை. திறந்திருந்த கதவு வழியாக, டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்தாள். “கால் வெளியதான் இருக்கு, பார்த்துக்கோங்க” என்று இரண்டு காலையும் ஆட்டிக் காட்டினாள். நான் டீயை வாங்கத் திரும்பியபோது, சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருந்த கட்டையை என் கால் தட்டிவிட்டது. வண்டி மெல்ல உருண்டது.

“ஐயையோ, பிரேக்கு! பிரேக்கு!” என்று அக்கா காலை உள்ளே இழுத்து, இரண்டு பாதத்தையும் முன் தகட்டில் வைத்து ஓங்கி மிதித்தாள். அந்தப் பக்கத்தில் பிரேக்கே கிடையாது. ஆனால் நான் போட்டபடியே விட்டிருந்த ஹெட்லைட் பளிச்சென்று எரிந்தது. இண்டிகேட்டர் ஒழுங்காகக் கண் சிமிட்டியது. பம்ப் டிக் டிக் டிக்கென்று அடித்தது. வண்டி ஒரு பெயிண்ட் டின்னில் இடித்து நின்றது. அக்கா பதறி வெளியே குதித்தாள். எல்லாம் அணைந்துவிட்டது.

“கால் வச்சிட்ட!” என்றார் மாமா.

“அது கணக்குல சேராது” என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய்விட்டாள்.

நானும் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆள் உட்கார்ந்தால் எரிகிறது, எழுந்தால் அணைகிறது. அப்படியானால் எடை. நான் உட்கார்ந்தேன், ஒன்றும் எரியவில்லை. என் மடியில் இருபது லிட்டர் பெயிண்ட் வாளியை ஏற்றினோம். அதற்கும் எரியவில்லை.

“உங்க அக்கா எத்தனை கிலோ இருப்பா?” மாமா குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அதை நான் எப்படிக் கேக்கறது? கட்டிக்கிட்டவர் நீங்கதானே.”

“எனக்கு உயிர் மேல ஆசை இருக்கு மாப்ளே.”

என்னை இறக்கிவிட்டு மூன்று வாளி, ஒரு மூட்டை பட்டி மாவு, பழைய தையல் மிஷின் என்று வரிசையாக ஏற்றினோம். வண்டி தரையைத் தொட்டதே தவிர, ஒரு பல்புகூட எரியவில்லை. கடைசியில் மிஷினை இறக்கும்போது மணி நாலு. வாசலில் பல் டாக்டர் நின்றிருந்தார். பெல்லை அழுத்தி அழுத்தி விரல் வலித்ததாகச் சொன்னார்.

டாக்டர் நல்ல மனுஷன்தான். வண்டியைச் சுற்றி வந்து, பானெட்டைத் தடவிப் பார்த்தார். “ஓடலன்னாலும் பரவாயில்ல. நான் ஓட்டப் போறதில்ல. கிளினிக் ஹால்ல நிறுத்தி, மேல மஞ்சள் பெயிண்ட் அடிச்சு, முன்னாடி பெரிய பல்லு வரைஞ்சிடுவேன். பசங்க ஏறி விளையாடட்டும், ஊசி பயம் போயிடும்” என்றார்.

மாமா கையிலிருந்த துணியால், ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. சமையலறைக்கு ஓடினேன்.

“அக்கா, காரணம் கேக்காத. நீ உட்கார்ந்தாதான் அந்த வண்டி ஓடும்.”

“நான் உட்காரலன்னா?”

“போயிடும். மஞ்சள் பெயிண்ட், முன்னாடி பல்லு.”

அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். மாமா இன்னும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “நாலு வருஷம் இந்த மனுஷன் ஒழுங்காச் சாப்பிடாம அதைத் தேய்ச்சாரு. பல்லு வரையறாராம் பல்லு!” என்று கையை உதறிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். யாரையும் பார்க்காமல் போய் சீட்டில் உட்கார்ந்து, காலை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள்.

மாமா வாயைப் பிளந்துகொண்டு நின்றார். “என்ன பேர் வைக்கட்டும்?” என்று கேட்டார்.

“எதையாவது வைங்க. முதல்ல வண்டிய எடுங்க.”

எடுப்பதற்கு முன்பே பயத்தில் அவள் முன் தகட்டை மிதித்துவிட்டாள். பம்ப் அடித்தது, இஞ்சின் உறுமியது. வண்டி தெருவில் இறங்கியது. நான் பின்னாலேயே ஓடினேன். டாக்டரும் எதற்கென்று தெரியாமல் என்னோடு ஓடினார். “மெதுவா! நாய் வருது! பிரேக்கு!” என்று அக்கா போட்ட சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. தொட்டியைச் சுற்றித் திரும்பும்போது பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்து அவள் சிரித்துக் கையாட்டினாள். உடனே வைப்பர் எழுந்தது, ஹாரன் முனகியது, இஞ்சின் இருமியது. பயந்துபோய் மறுபடி மிதித்தாள். எல்லாம் சரியாகிவிட்டது. அக்கா குனிந்து தன் காலைப் பார்த்தாள். எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள், வைத்தாள்.

“டேய், என் காலுடா!” என்று கத்தினாள்.

வண்டி வாசலுக்கு வந்து சேர்ந்தது. டாக்டர் மூச்சிரைக்கக் கை தட்டிவிட்டுப் போனார். நான் மாமாவின் முகத்தைப் பார்க்காமல் கார்ப்பெட்டைப் பிய்த்தேன். அடியில் எர்த் போல்ட் இருந்தது. அழகான சிவப்பு. தகட்டுக்கு இரண்டு கோட்டு, வாஷருக்கு இரண்டு கோட்டு, ஒயர் முனைக்கு இரண்டு கோட்டு. இரும்பை இரும்பு தொட ஊசிமுனை இடமில்லை. அக்கா தகட்டை மிதித்தால் போல்ட் லேசாகச் சாய்ந்து பெயிண்ட் உரிந்த ஏதோ ஒரு ஓரத்தில் தொடுகிறது. பட்டம் வாங்கும் விழா அன்றைக்குப் பாதித் தூரம் ஓடியதும் அதனால்தான். சிக்னலில் நின்றதும் பயம் போய்க் காலை எடுத்திருக்கிறாள்.

“மாமா!”

“துருப்பிடிச்சிடக் கூடாதேன்னுதான் மாப்ளே...”

“உப்புத்தாள் குடுங்க. ரெண்டு நிமிஷ வேலை.”

அவர் கொடுக்கவில்லை. வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். “வேண்டாம், விட்டுடு. இது இப்படியே இருந்தாத்தான் அவ வருவா. ரெண்டு வருஷமா பக்கத்து சீட்டுல யாரும் இல்லாம, ஷெட்டுக்குள்ள தனியா உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பிக்கிட்டிருந்தேன்டா.”

சரி என்று தலையாட்டினேன். ஆனால் கோளாறு என்று தெரிந்தும் விட்டுவிட்டுப் போனால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. அவர் கை கழுவப் போன நேரத்தில் பெயிண்ட்டைச் சுரண்டி, போல்ட்டை முறுக்கி, கார்ப்பெட்டை ஒட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் கடையில் நாலு வாடிக்கையாளர் இருக்கும்போது சிவப்புக் கார் வந்து நின்றது. மாமா இறங்கி நேரே அவர்களிடம் போனார். நான் வண்டிப் பக்கம் போனேன். அக்கா இரண்டு காலையும் தகட்டில் அழுத்தி, விறைப்பாக உட்கார்ந்திருந்தாள்.

“அன்னைக்கே சரி பண்ணிட்டதானே?” என்றாள் மெதுவாக.

“எப்படித் தெரியும்?”

“முந்தாநாள் கால் மரத்துப்போய் எடுத்துட்டேன். பம்ப் அது பாட்டுக்கு அடிச்சுக்கிட்டிருந்துது.”

“அப்புறம் ஏன் மிதிக்கற?”

“நான் இல்லாம வண்டி ஓடாதுன்னு நினைச்சுக்கிட்டிருக்காரு. நினைச்சுக்கட்டுமே. நீ வாயைத் திறந்த, அவ்வளவுதான்.”

அதற்குள் மாமா குரல் கடை முழுக்கக் கேட்டது. “என் மச்சினன் எப்பேர்ப்பட்ட ஆளு! அவனாலயே இந்தக் கோளாறைச் சரி பண்ண முடியல. என் பொண்டாட்டி காலை வச்சாத்தான் ஓடும்!”

நாலு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இருபத்திரண்டு வருஷப் பெயர். ஒருவர் கேட்டேவிட்டார். “நீங்களே சரி பண்ண முடியாத ஃபால்ட்டா சார்?”

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் காலை இன்னும் கொஞ்சம் அழுத்தி மிதித்தாள்.

“முடியலைங்க” என்றேன்.