சின்னம்மாகிட்ட போ

சம்பங்கிக்கு ஏழு வயது. அவளைப் பெற்றவள் சாந்தம்மா. வளர்த்தவள் சாந்தம்மாவின் அக்கா நாராயணம்மா. பிள்ளைக்கு இரண்டு வயதானபோது சாந்தம்மா இருமலில் ரத்தம் துப்பினாள். காசம் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்த அவள் புருஷன் மாதப்பன், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு குந்தாரப்பள்ளிக்கு வந்தான். "அவ பொழச்சு வந்தா வாங்கிக்கிறேன் அக்கா" என்று நாராயணம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனான். பிழைப்பாள் என்று யாரும் நினைக்கவில்லை. நாராயணம்மாவும் நினைக்கவில்லை. பிள்ளை இல்லாத வீடு அது.

ஊசி மருந்து புதிதாக வந்திருந்த காலம். சாந்தம்மா பிழைத்துக்கொண்டாள்.

ஐம்பத்தாறாம் வருஷம் சித்திரைக் கடைசியில் அவளும் மாதப்பனும் மகளைக் கூட்டிப்போக வந்தார்கள். நாராயணம்மா மறுப்புச் சொல்லவில்லை. என்னவென்று சொல்லி மறுப்பது? தங்கை செத்துப் பிழைத்து வந்திருக்கிறாள். ஆனால் சம்பங்கி மூன்று நாளாகச் சாந்தம்மாவின் பக்கமே போகவில்லை. நாராயணம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே சுற்றினாள். அவளுக்கு நாராயணம்மாதான் அம்மா; பெற்றவளைச் சின்னம்மா என்றுதான் கூப்பிடத் தெரியும்.

"தோட்டத்துக்குப் போலாம். அங்கன்னா குழந்தை தானா பேசும்" என்றான் நாராயணம்மாவின் புருஷன் எல்லப்பன். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு சர்க்கார் தோட்டம் இருந்தது. கோடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக ஜனங்களை உள்ளே விடுவார்கள். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வண்டியில் கிளம்பினார்கள்.

வண்டியில் சம்பங்கி தூங்கிப்போனதும் சாந்தம்மா மெல்லச் சொன்னாள்: "அக்கா, தப்பா நெனச்சுக்காதே. நீ பக்கத்துல இருக்கற வரைக்கும் அவ எங்கிட்ட வரமாட்டா."

நாராயணம்மா மடியில் கிடந்த தலையைப் பார்த்தாள். "இன்னிக்கு நான் தள்ளியே இருக்கேன்" என்றாள்.

எல்லப்பன் சொன்னது சரிதான். தோட்டத்தில் சம்பங்கிக்கு வாய் மூடவில்லை. செம்பருத்தியில் தலைகீழாகத் தொங்கிய தேன்சிட்டைக் காட்டினாள். உண்ணிச்செடியில் மொய்த்த பட்டாம்பூச்சிகளை எண்ணப் பார்த்துக் கணக்கு விட்டுப்போய் மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். பூசணிப் பாத்தி வந்ததும் சாந்தம்மாவின் விரலைப் பிடித்து இழுத்தாள். வந்த இந்த நாட்களில் தன்னை அவள் தொட்டது அதுதான் முதல் தடவை. சாந்தம்மா மூச்சுவிடக்கூடப் பயந்தவள்போல் குனிந்தாள்.

"இந்தப் பூவுல காய் புடிக்காது சின்னம்மா. இதுல இருக்கற மஞ்சப் பொடியத் தேனீ காலுல ஒட்டிக்கினு போயி அந்தப் பூவுல வெக்கணும். அப்பதான் பிஞ்சு நிக்கும்."

"யாரு சொன்னா உனக்கு?"

"எங்க கொல்லையில நானே பாத்தேன்."

பத்தடி தள்ளி, மாமர நிழலில் நாராயணம்மா உட்கார்ந்திருந்தாள். சிரிப்புச் சத்தம் கேட்டது. நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு பூவுக்குள் தேனீ இறங்கியதும் சம்பங்கி இதழ்களைச் சேர்த்து மூடிப் பறித்தாள். "காதக் குடு சின்னம்மா, உள்ள பாட்டுக் கேக்கும்." சாந்தம்மா காதைக் கொடுத்தாள். இன்னும் நன்றாகக் கேட்கட்டுமென்று சிறுமி பூவை அழுத்திப் பிடித்தாள். தேனீ விரலில் கொட்டிவிட்டது.

"அம்மா" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தாள். பெற்றவளைத் தாண்டி, பாத்தியைத் தாண்டி, நிழலை நோக்கி, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு.

நாராயணம்மா எழுந்துவிட்டாள். கைகள் தாமாகவே முன்னே போயின. அந்த நேரத்தில் பிள்ளைக்குப் பின்னால், காலடியில் நசுங்கிய பூ கிடக்க நின்ற தங்கையின் முகம் தெரிந்தது. நாராயணம்மா கைகளை மடக்கி முந்தானைக்குள் செருகிக்கொண்டாள்.

"சின்னம்மாகிட்ட போ" என்றாள்.

சம்பங்கி நின்றுவிட்டாள். அழுகைகூட நின்றுவிட்டது. புரியாமல் அண்ணாந்து பார்த்தாள். "கொட்டிடுச்சும்மா" என்று விரலைக் காட்டினாள்.

"போன்னு சொல்றேன் இல்ல."

சாந்தம்மா ஓடிவந்து மண்டியிட்டாள். நகத்தால் கீறிக் கொடுக்கை எடுத்தாள். விரலை ஊத வாயருகே கொண்டுபோனவள், சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிள்ளைகள் பக்கம் மூச்சு விடாதே என்று ஐந்து வருஷம் கேட்டுப் பழகிய உடம்பு.

"ஊது" என்றான் மாதப்பன். "டாக்டரு எல்லாம் சரியாப் போச்சுன்னுட்டாரு. ஊது."

சாந்தம்மா ஊதினாள். அவள் கண்ணீர் பிள்ளையின் கையில் விழுந்தது. சம்பங்கி விரலை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கண்ணை நாராயணம்மாவிடமிருந்து எடுக்கவும் இல்லை. அந்தப் பார்வையைத் தாங்க மாட்டாமல் நாராயணம்மா சோற்று மூட்டையை அவிழ்க்கத் திரும்பினாள். முடிச்சு கைக்கு வரவேயில்லை. எல்லப்பன் வந்து அவிழ்த்துக் கொடுத்தான்.

திரும்பும்போது சம்பங்கி வண்டியில் சாந்தம்மாவை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

புதன்கிழமை பஸ் ஏறினார்கள். பிள்ளை ரகளை பண்ணும் என்று ஊரே எதிர்பார்த்தது. அவள் அழவில்லை, கூப்பிடவில்லை. "போய்ட்டு வரேன் பெரிம்மா" என்று மட்டும் சொன்னாள். யாரும் சொல்லிக்கொடுத்த வார்த்தை இல்லை அது.

வீட்டுக்கு வந்ததும் எல்லப்பன் கேட்டான்: "ஒரு தடவ தூக்கியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"தூக்கியிருந்தா எறக்கி விட்டிருக்க மாட்டேன்" என்றாள் நாராயணம்மா.

அடுத்த கோடையில் சம்பங்கி பெற்றவர்களோடு வந்தாள். வளர்ந்திருந்தாள். பேச்சில் ரெண்டொரு கன்னட வார்த்தை கலந்திருந்தது. மரியாதையாக இருந்தாள், போட்டதைச் சாப்பிட்டாள். தோட்டத்துக்குப் போகலாமா என்று நாராயணம்மா கேட்டாள்.

"வேணாம் பெரிம்மா" என்றது குழந்தை. பிறகு, கேட்காமலிருக்க முடியாமல், தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டது: "அன்னிக்கு நான் என்ன தப்புப் பண்ணேன்?"

நாராயணம்மா அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "ஒண்ணும் பண்ணல கண்ணு, நீ ஒண்ணும் பண்ணல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சம்பங்கி விலகவில்லை. அந்நியர் வீட்டு மடியில் உட்காருகிற குழந்தைபோல, முதுகை நிமிர்த்திக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.