அக்கா அடைத்த குழாய்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: பெருமையடித்துக்கொள்ளத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். மின்சார வண்டி பேட்டரிக்கு லித்தியம் சுத்திகரிக்கும் ஆலையில் என் அக்கா பொறியாளர். பழைய முறையில் லித்தியத்தைவிட உப்புக் கழிவுதான் அதிகம் வரும். அத்தனையும் ஒரு குழாய் வழியாகப் பின்பக்கக் குட்டைக்குப் போகும். அக்காவின் முறையில் மின்சாரமும் மெல்லிய சவ்வும் சேர்ந்து லித்தியத்தையும் அமிலத்தையும் தனித்தனியாகப் பிரித்துவிடும். அமிலம் மறுபடி வேலைக்கு வந்துவிடும். குட்டைக்குத்தான் வேலை போய்விடும்.

2

தொடக்கம்: ஆலையின் புகைபோக்கி வானத்தை முட்டிக்கொண்டு...

(அடித்துவிட்டேன். அங்கே புகைபோக்கியே கிடையாது.)

வேறு தொடக்கம்: முதல் சோதனை ஊற்றிக்கொண்டது. உதவியாள் ஒருவர் தொட்டியைச் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட, அதிலிருந்த சுண்ணாம்பு சவ்வில் படிந்து...

இந்த இடத்தில், படித்துக்கொண்டிருந்த அக்கா தாளைக் கீழே வைத்தாள்.

"கழுவினது நான்டா. பளிச்சுனு இருக்கட்டும்னு நானே தேய்ச்சுக் கழுவினேன். அதை ஏன் இன்னொருத்தர் தலையில கட்டுற?"

"கதாநாயகி தப்பு பண்ணினா நல்லாவா இருக்கும்?"

"கூட்டத்துல அத்தனை பேர் முன்னாடி நானே ஒத்துக்கிட்டேன். உனக்கென்ன வந்துச்சு?"

(இந்தப் பாத்திரம் எனக்கு அடங்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.)

3

இரண்டாவது சோதனை முடிந்து, அதில் கிடைத்த வெள்ளை லித்தியப் பொடி பரிசோதனைக்கூடத்துக்குப் போயிருக்கிறது. தூய்மை குறைந்தால் நிர்வாகம் பழைய முறைக்கே திரும்பிவிடும். இன்னொரு வாய்ப்பு கிடையாது.

முடிவு அ: தேறுகிறது. எல்லோரும் கைதட்டுகிறார்கள்.

முடிவு ஆ: தேறவில்லை. குட்டை மறுபடியும் நிரம்புகிறது.

"ரெண்டாவது செல்லாது" என்றாள் அக்கா.

"ஏன்?"

"குட்டைக்குப் போற குழாயை இன்னைக்குக் காலையில நானே ஆள் வெச்சு வெல்டு பண்ணி மூடிட்டேன். வெல்டர் ஏன்னு ஒரு வார்த்தைகூடக் கேக்கலை. கையுறையை மாட்டிக்கிட்டு வந்துட்டாரு."

"ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியேவா? உன் வேலை போயிடும்க்கா."

"போனா போகட்டும். வழி திறந்து கிடந்தா அதுலதான் திரும்பிப் போவாங்க. மூடி இருந்தா என் முறையைச் சரிபண்ண உட்காருவாங்க. நான் இல்லேன்னாலும்."

சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள். எனக்குப் பயமாக இருந்தது. அதைவிட, இவள் என் அக்கா என்று தெருவில் போய்க் கத்த வேண்டும்போல் இருந்தது.

4

ரிசல்ட் நாளைக்குத்தான் வரும். நான் இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன். அ, ஆ, எதை வேண்டுமானாலும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். குழாயை மட்டும் திறந்துவிடாதீர்கள்.