ஆடாமல் நிற்க ஒரு பிடி

பண்ணையில் தீவனம் நிறுத்துக் கொடுப்பவருக்கு ‘தராசு’ என்றுதான் பெயர். பத்து கிராம் கூடினாலும் திரும்ப அள்ளிவிடுகிற ஆள். அவரைப் பார்த்துத்தான், டாக்டர் பட்டத்துக்காக அங்கே ஆய்வு செய்துகொண்டிருந்த ஆராய்ச்சிக்காரி கேட்டாள்.

"அண்ணே, மெலிஞ்ச பட்டிக்கு யாருக்கும் தெரியாம தீனி போடறீங்களா?"

அவள் ஆய்வில் ஒரு பட்டி செம்மறி ஆடுகளுக்கு வயிறு நிறையத் தீனி, இன்னொன்றுக்குப் பாதி. தினமும் காலையில் ஸ்கேன் திரையில் சினைப்பையைப் பார்ப்பாள். முட்டை முதிரும் குமிழிகள் கருப்பு வட்டங்களாகத் தெரியும். நன்றாகத் தின்றவற்றுக்கு அதிகம் இருக்க வேண்டும். ஆனால் இரண்டு பட்டியும் சமமாக நின்றன. மெலிந்த பட்டியில் விலா எண்ணக்கூடிய பதினாலாம் நம்பர் ஆடு எல்லாவற்றையும் முந்தியிருந்தது.

"பேராசிரியர் காதுக்குப் போனா உங்களை மாட்டுக் கொட்டகைக்குத் தூக்கிடுவார்ண்ணே."

பன்னிரண்டு வருஷமாக ஆடுகளோடு இருப்பவருக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை.

"பெத்த பிள்ளைக்கே சோத்தை நிறுத்துப் போடறவன் நான். வீட்டுக்கு வந்து கேளுங்க, டாக்டரம்மா. என் பொண்டாட்டி அழுதுக்கிட்டே சாட்சி சொல்லுவா."

அவள் இன்னும் டாக்டர் ஆகவில்லை. இந்த ஆடுகள் மனசு வைத்தால்தான் ஆக முடியும்.

வழக்கமாக ஸ்கேன் நேரத்தில் அவர் தொட்டி கழுவப் போய்விடுவார். மறுநாள் போகவில்லை. கதவோரம் சாய்ந்து நின்றார். நிறையத் தின்ற ஆடுகள் விருந்து முடித்த சம்பந்தி மாதிரி அசையாமல் நின்றன. பசித்த ஆடுகள் துள்ளின, உதைத்தன. அவள் கோட்டுப் பையிலிருந்து உடைத்த சோளம் ஒரு பிடி அள்ளி நீட்டினாள். "நில்லுடி தங்கம், ஒரே நிமிஷம்." பதினாலு மூன்று பிடி வாங்கிக்கொண்டுதான் நின்றது.

தராசு போய்த் தன் தராசைத் தூக்கி வந்தார்.

"ஒரு பிடி அள்ளி இதுல வைங்க."

தொண்ணூறு கிராம் காட்டியது.

"பதினாலுக்கு இன்னிக்கு இருநூத்தி எழுபது. எத்தனை நாளா?"

"பதினோரு நாளா... ஆனா அது தீனி இல்லண்ணே. ஆடாம நிக்கறதுக்குக் குடுத்தது."

"அது ஆட்டு வயித்துக்குத் தெரியுமா, டாக்டரம்மா?"

அவள் வைக்கோல் கட்டின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். நாலைந்து நாள் கூடுதல் தானியமே குமிழிகளைக் கூட்டிவிடும் என்று தன் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் எழுதியவளே அவள்தான். ஆடுகள் சினைக்கு வரும் பருவம் முடிய இன்னும் இரண்டு சுற்று மிச்சம், சுற்றுக்குப் பதினேழு நாள். மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் தப்பிக்கலாம்.

அவர் முன்னாலேயே பேராசிரியருக்குப் போன் போட்டாள்.

"சார், இதுவரைக்கும் எடுத்தது எதுவும் தேறாது. தப்பு என்னோடது. நிறுவையில ஒரு குறையும் இல்ல."

தராசு வேறெங்கோ பார்த்தபடி சுத்தமான தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் போனை வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"சோளம் இல்லாம இந்தப் பதினாலை யாருண்ணே பிடிப்பா?"

"வேற யாரு? நேத்து ஒருத்தனைத் திருடன்னு சொன்னீங்களே, அவன்தான்."

பிடித்தார். ஆடு முழங்காலில் ஒன்று விட்டது.

"டாக்டரம்மா, சீக்கிரம் எண்ணுங்க," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.