பாதித் தண்ணீர்

கூட்டம் சர்க்கரை ஆலையின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. மின்விசிறிக்கு நேர்கீழே பொறியாளர் லிசாந்த்ரோ. அவருக்கு வலப்பக்கம், லெயோன் நகரப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த டாக்டர் அரியாத்னா. எதிரே ஆலை மருத்துவமனை நர்ஸ் நூபியா. கதவோரப் பெஞ்சில் கரும்பு வெட்டுகிறவர்கள் இருவர்: நீலத் தொப்பி உலிசெஸ், வெள்ளைத் தொப்பி எவெனோர். எவெனோர் நூபியாவின் தம்பி; உலிசெஸ் பெரியம்மா மகன்.

சோதனையே அந்தத் தொப்பிகளில்தான் இருந்தது. வெயிலில் வெட்டுகிறவர்கள் சிறுநீரகம் கெட்டு, தலை நரைக்கும் முன்பே போய்ச் சேர்ந்தார்கள். தண்ணீர் போதாததுதான் காரணமா என்று பார்க்க வேண்டியிருந்தது. நீலத் தொப்பிக்கு ஆளுக்கொரு பெரிய கேன். வெள்ளைத் தொப்பிக்கு வழக்கமான சுரைக்குடுக்கை மட்டும். நாம் மாற்றுவது தண்ணீர் ஒன்றைத்தான், அது சார்பற்ற மாறி. சிறுநீரகம் கெடக் கெட ரத்தத்தில் ஏறும் உப்பு, அதுதான் சார்ந்த மாறி. மற்றதெல்லாம் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். தண்ணீரைப் பங்கு போடக் கூடாது என்று எல்லாரிடமும் கையெழுத்தும் வாங்கியாயிற்று.

"ரெண்டு தொப்பிக்கும் உப்பு ஒரே மாதிரி ஏறியிருக்கு," என்றார் லிசாந்த்ரோ. "தண்ணியால ஒண்ணும் ஆகல. திங்கள்லேர்ந்து கேன் கிடையாது. மத்த ஆலைக்காரங்களும் இந்த முடிவு என்னன்னுதான் கேட்டுக்கிட்டிருக்காங்க."

டாக்டர் அதைத் தாளில் குறித்துக்கொண்டார்.

யாரோ உலிசெஸிடம் ஒரு தம்ளர் தண்ணீர் நீட்டினார்கள். அவன் பாதி குடித்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் எவெனோரிடம் கொடுத்தான். எவெனோரும் பார்க்காமலே வாங்கிக்கொண்டான்.

நூபியா உலிசெஸ் பக்கம் திரும்பினாள்.

"வயல்லயும் இப்படித்தானாண்ணே?"

"பின்ன? இவன் நாக்கு வறண்டு நிக்கிறப்ப நான் மட்டும் மடக்மடக்குன்னு குடிக்கவா? எங்கம்மா சோறு போடுவாளா?" என்றான் உலிசெஸ். "எல்லா வரிசையிலயும் அப்படித்தான்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப நாம எதையுமே மாத்தல. ரெண்டு பக்கமும் பாதித் தண்ணிதான் குடிச்சிருக்கு, பாதி யாருக்கும் பத்தல. இந்த முடிவு செல்லாது. மறுபடி தொடங்கச் சொல்லிப் பல்கலைக்கழகத்தைக் கேக்கலாம். ஆனா நேர்ல விசாரிச்ச நர்ஸ், யார், யாருக்குக் கொடுத்தான்னு பேரோட எழுதி, தன் கையாலயே அங்க அனுப்பணும். ஒரு ஜோடி போதும்."

"விதியை மீறினவனுக்கு இங்க வேலை இல்ல," என்றார் லிசாந்த்ரோ. "ஆஸ்பத்திரி அட்டையும் போயிடும்."

தம்பியின் ரத்தத்தை எடுத்துச் சோதித்தவள் நூபியாதான். அந்த அட்டை இல்லாமல் அவன் அடுத்த அறுவடையைப் பார்ப்பது கடினம் என்று அவளுக்குத் தெரியும். எழுதாவிட்டால், திங்கட்கிழமை முதல் யாருக்கும் கேன் தண்ணீர் இல்லை.

"எழுதுக்கா," என்றான் எவெனோர். "உப்பு ஏறினவன எவன் பொண்ணு பாக்கக் கூப்பிடப் போறான்? எம்பேரை முதல்ல போடு."

"குடிச்சவனுக்கு முதலிடமா? கொடுத்தவன் நான்டா," என்றான் உலிசெஸ்.

லிசாந்த்ரோ எழுந்து போய்விட்டார்.

நூபியா அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். கொடுத்தவன் உலிசெஸ், வாங்கியவன் எவெனோர், உறவு சகோதரர்கள், விசாரித்தவள் அவனுடைய அக்கா. உறையின் பசையை நனைக்க நாக்கில் ஈரமில்லை. தம்ளரின் அடியில் எவெனோர் மிச்சம் வைத்திருந்ததில் விரலைத் தொட்டு ஒட்டினாள். பிறகு வாசலுக்குப் போய், லெயோன் பஸ் ஓட்டுநரின் கையில் கொடுத்தாள்.